பெட்டிக்குப் பெட்டி

லிப்ட்காரருக்கு மனைவி மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. இன்று நேற்று வந்ததல்ல, இருபது வருஷத்துக்கும் மேலானது. வெளியே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தீர்ந்திருக்கும், இந்தக் கதையும் இருந்திருக்காது. சில ஆண்களின் சுபாவம் அப்படி. வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்பதற்குப் பதில் ஆயுசு முழுக்க மனசுக்குள் முறுக்கிக்கொண்டு திரிவார்கள். போதாக்குறைக்கு அதற்குப் பெருந்தன்மை என்று பேர் வேறு வைத்துக்கொள்வார்கள்.

விஷயம் ஒரு ஆர்மோனியம். லிப்ட் கம்பெனியில் சேர்ந்து, ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கியது. சாயங்காலமானால் நண்பர்கள் நாலைந்து பேர் ஒரு சைக்கிள் கடையின் பின்கட்டில் கூடுவார்கள். ஒருத்தன் தபலா, ஒருத்தன் கிடார், பாடத் தெரிந்தவன் ஒருத்தன், பாடத் தெரியாமலே பாடுகிறவன் இன்னொருத்தன். அந்தக் கூட்டத்தில் ஆர்மோனியத்தை யாரும் ஆர்மோனியம் என்று சொன்னதில்லை. பெட்டி என்றால் அதுதான். அதை வாசிக்கிற அவருக்கும் பெட்டி என்றே பேர் ஆகிவிட்டது. "பெட்டி வந்தாச்சா?" என்று கேட்டால், ஆளா வாத்தியமா என்று ஒருவரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஒன்று வந்திருந்தால் மற்றதும் வந்திருக்கும்.

கல்யாணம் ஆன பிறகும் வீட்டில் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். புது மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள், இன்னும் ஒண்ணு என்பாள். கர்ப்பமான பிறகு ஒருநாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "தலை வலிக்குது, கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்றாள். நிறுத்தினார். எதற்குத் தலை வலிக்கிறது என்று கேட்கவில்லை. மனசில் மட்டும் அதைக் குறித்துக்கொண்டார்.

பிரசவத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவளை ஆஸ்பத்திரியில் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வீடு மாற்ற வேண்டியதாயிற்று. புது வீடு சின்னது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட முடியாத சமையலறை. எதை எடுத்துப்போவது, எதைக் கழிப்பது என்று கேட்க, வாடகை வீட்டுச் சொந்தக்காரர் வீட்டுப் போனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசினார். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். மனைவி எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். கடைசியில் குரலை உயர்த்தி ஒன்று சொன்னாள்.

"பெட்டியை மட்டும் புது வீட்டுக்குள்ள கொண்டு வந்துடாதீங்க. அது உள்ள வந்தா நான் உள்ள வரமாட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் காதில் சிரிப்பு விழவில்லை. பெட்டி மட்டும்தான் விழுந்தது. நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்ட மாதிரி இருந்தது அவருக்கு. ஆர்மோனியத்தைச் சொன்னாளோ, ஆளையே சொன்னாளோ, இரண்டுக்கும் ஒரே பேர்தானே. போனை வைத்துவிட்டார்.

எந்தப் பெட்டி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கேட்கவில்லை. மறுநாளே ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு பழைய சாமான் கடைக்குப் போனார். இதை வைத்துக்கொள், எதையாவது கொடு என்றார். கடைக்காரன் ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சுற்றிலும் கம்பி வைத்த ஒரு மரக் குழந்தைக் கட்டிலை இழுத்து முன்னால் போட்டான். வீட்டுக்குக் குழந்தை வரப்போவது அப்போதுதான் லிப்ட்காரருக்கு ஞாபகம் வந்தது. சரி என்று கட்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

குழந்தையோடு வீட்டுக்கு வந்த மனைவி கட்டிலைப் பார்த்தாள். ஆர்மோனியம் எங்கே என்று சுற்றிலும் தேடினாள்.

"கட்டிலுக்குக் கொடுத்துட்டேன்" என்றார்.

அவள் அழுதாள். பச்சை உடம்புக்காரி, சுவரில் சாய்ந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். முதலைக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார் அவர். தானே தள்ளச் சொல்லிவிட்டுத் தானே அழுகிறாள், என்ன நடிப்பு.

அதற்கப்புறம் அவர் எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. சைக்கிள் கடைப் பக்கமும் தலைவைத்துப் படுக்கவில்லை. நண்பர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனார்கள். மனைவியோ ஊர் பூராவும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு மூக்கில் பிரேம் மாட்டி, அந்த எழுத்து தெரிகிறதா இந்த எழுத்து தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே, எங்க வீட்டுக்காரர் உசுரா வெச்சிருந்த வாத்தியத்தைப் பிள்ளை கட்டிலுக்காகக் கொடுத்தவர், வாய் திறந்து ஒரு நாள் சொல்லிக்காட்டினதில்லை என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் பாதிக் கண்ணாடியோடு உருகுவார்கள். மகளுக்கு அதுதான் தாலாட்டு. சண்டை போடுகிற அண்ணிக்கும் நாத்தனாருக்கும் அதுதான் பதில். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் லிப்ட்காரர் எழுந்து போய்க் கை கழுவுவார். அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்க்கிறவர்கள் கூச்சம் என்று நினைப்பார்கள்.

இப்படியே காலம் ஓடிவிட்டது. மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். லிப்ட்காரருக்கு மீசை நரைத்துவிட்டது, முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் லிப்ட் அடிக்கடி நிற்கிறது என்று புகார் வந்து போனார்.

லிப்ட் ஓடுகிற ஷாஃப்ட் இருக்கிறதே, அதற்குள் கட்டடத்தின் சங்கதி அத்தனையும் வந்து விழும். எந்த மாடியில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, யார் போனில் பொய் சொல்கிறார்கள், எல்லாம் கேபினின் தலை மேல் நிற்கிறவனுக்குத் தெரியும். கேட்டும் கேட்காத மாதிரி கிரீஸ் தடவிக்கொண்டிருப்பதுதான் தொழில் தர்மம். லிப்ட்காரரும் கேபின் மேல் நின்று, மெதுவாக ஏற்றிக்கொண்டே இரண்டு பக்கத்துத் தண்டவாளத்தையும் துடைத்துக்கொண்டு வந்தார். நாலாவது மாடியைத் தாண்டும்போது ஒரு சத்தம் வந்தது. ஒரே ஒரு சுரம், நீளமாக. அதற்கு அடியில், கீச், டொக். கீச், டொக்.

கை நின்றுவிட்டது. லிப்டையும் நிறுத்தினார்.

அந்தச் சத்தம் உலகத்தில் ஒரே ஒரு பெட்டியில்தான் வரும். அந்தக் காலத்தில் ஆர்மோனியத்தின் துருத்தி ஸ்பிரிங் ஒருநாள் முறிந்துபோனது. கடை கடையாக ஏறி இறங்கியும் அளவுக்குக் கிடைக்கவில்லை. கழித்துப் போட்ட லிப்ட் கதவுப் பூட்டிலிருந்து ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றி, இரண்டு சுற்று வெட்டி, மாட்டிவிட்டார். துருத்தி நன்றாக வேலை செய்தது. ஆனால் திறக்கும்போது ஒரு கீச், மூடும்போது ஒரு டொக். சைக்கிள் கடைக் கூட்டம் விடுமா? "என்னடா, உன் பெட்டி மாடி ஏறுதா?" என்று ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கேட்டுச் சிரித்தார்கள்.

ஐந்தாவது மாடியில் கதவைத் தள்ளித் திறந்து வெளியே வந்தார். கிரீஸ் கையோடு, சத்தம் வந்த வீட்டுக் கதவை முழங்கையால் தட்டினார். திறந்தவள் ஒரு வயதான பெண்மணி, கழுத்தில் அளவு டேப், வாயில் இரண்டு குண்டூசி.

பள்ளிக்கூட நாடகங்களுக்கு வேஷ உடுப்பு தைத்து வாடகைக்கு விடுகிற அம்மாள் அவள். கட்டடத்தில் எல்லோருக்கும் வேஷக்காரம்மா. வீடு முழுக்கக் கயிறு கட்டி ராஜா அங்கிகள், தேவதைச் சிறகுகள், போலீஸ் சட்டைகள். சோபாவில் மனுஷன் உட்கார இடமில்லை, ஒரு சிங்கத் தலை உட்கார்ந்திருந்தது. ஜன்னலோரத்து ஸ்டூல் மேல் ஆர்மோனியம். மூடி மேல் நாலைந்து ஒட்டுத் தாடிகள் காய்ந்துகொண்டிருந்தன.

குண்டூசியை எடுத்துவிட்டு வேஷக்காரம்மா விவரம் சொன்னாள். ஒரு நாடகக் குழு கலைந்தபோது உடுப்புகளோடு சேர்ந்து வந்ததாம். அவளுக்கு வாசிக்கத் தெரியாதாம். தையல் மெஷினில் குனிந்து குனிந்து தோள்பட்டை பிடித்துக்கொண்டதால், கையை நீட்டி மடக்க டாக்டர் சொன்னாராம். சும்மா கையை ஆட்டினால் பைத்தியம் மாதிரி இருக்கிறது, அதனால் துருத்தியை இழுக்கிறாளாம். ஒரு விரலை எங்கேயாவது வைத்துக்கொண்டால் காற்று சீராகப் போகிறதாம்.

லிப்ட்காரர் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு பின்பக்கம் குனிந்து பார்த்தார். ஸ்பிரிங் இருந்தது. லிப்ட் கம்பெனி பூட்டுகளில் அடிக்கிற பச்சைப் பெயின்ட் அதன் ஒரு முனையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இது என்னுடையது என்று சொல்ல முடியாது, கொடுத்துவிட்டதுதானே. என்னுடையதாக இருந்தது என்றார்.

வேஷக்காரம்மா நல்லவள்தான், ஆனால் ஏமாளியில்லை. விலைக்குக் கேட்டுப் பார்த்தார். காசு கைக்கு வந்தால் ஜரிகையாகப் போய்விடும், வேண்டாம் என்றுவிட்டாள்.

"காசை விடுங்க தம்பி. இந்தப் பெட்டிக்கு எனக்கு வேற பெட்டி கொடுப்பீங்களா?"

லிப்ட்காரர் பேந்தப் பேந்த விழித்தார். இன்னொரு ஆர்மோனியத்துக்கு நான் எங்கே போவேன் என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். "பெட்டின்னா பெட்டி தம்பி. துணி வைக்கிற இரும்புப் பெட்டி. இங்க எலித் தொல்லை தாங்கல. போன வாரம் ராஜா கிரீடத்தைத் தின்னுடுச்சு. இப்ப எல்லாம் பிளாஸ்டிக்தான் விக்கிறான், அது எலிக்குப் பல் தேய்க்கத்தான் ஆகும். கனமா, பழைய காலத்து இரும்புல ஒண்ணு கொண்டாங்க. பெட்டிக்குப் பெட்டி."

இதைக் கேட்ட பிறகாவது மனுஷனுக்கு எங்கேயாவது மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. இரும்புப் பெட்டிக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே கீழே இறங்கினார், அதுவும் படிக்கட்டு வழியாக. லிப்டை ஐந்தாவது மாடியிலேயே நிறுத்திவிட்டு வந்தது பாதி வழியில்தான் உறைத்தது.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. அவருடைய பயமே அதுதான். அன்றைக்கு வேண்டாம் என்றவள் இன்றைக்கும் வேண்டாம் என்றுவிட்டால்? ஒருதரம் கொடுத்துத் தாங்கிக்கொண்டாயிற்று, இரண்டாம் தரம் அவரால் ஆகாது. பெட்டி கைக்கு வந்து வீட்டுக்குள் இறங்கிய பிறகு தெரியட்டும், அப்போது என்ன சொல்கிறாள் பார்க்கலாம் என்று நினைத்தார். எங்கேயாவது ஒரு பழைய இரும்புப் பெட்டி கண்ணில் பட்டால் சொல்லு என்று மச்சானிடம் மட்டும் காதோடு காதாகச் சொல்லிவைத்தார். மனைவியின் அண்ணன்தான் மச்சான். சாமான் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவர். யார் வீட்டில் என்ன கிடக்கிறது என்று தெரியும். ரகசியத்தை மட்டும் அவர் வேனில் ஏற்றவே கூடாது, வழியெல்லாம் கொட்டிக்கொண்டே போவார்.

அன்று சாயங்காலமே அது தங்கச்சி காதுக்குப் போய்விட்டது.

லிப்ட்காரர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது மனைவி ஹாலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இரும்புப் பெட்டி தேடுறீங்களாமே, என்னத்துக்கு?"

மச்சானை மனசுக்குள் நாலு திட்டு திட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் சொன்னார். ஷாஃப்டில் கேட்ட சத்தத்தை, பச்சைப் பெயின்ட்டை, வேஷக்காரம்மாவை, எலியை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். முடித்துவிட்டு நிமிர்ந்தால் அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

"உங்க வாத்தியமா? நெஜமாவா?" என்றாள். உட்கார்ந்துகொண்டாள். பிறகு சட்டென்று எழுந்து, டி.வி.யை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கினாள். அதன் கீழே விரித்திருந்த பூப்போட்ட துணியை உருவினாள்.

"இதோ இருக்கே. இதைத் தூக்கிக் கொடுங்க. நாளைக்கே கொடுங்க."

அது லிப்ட்காரருடைய அம்மா வைத்திருந்த டிரங்கு. வீட்டின் பாதிக் கனம் அதுதான். கறுப்பு இரும்பு, மூடியைத் திறந்தால் அந்துருண்டை நெடி மூக்கைத் துளைக்கும். இரண்டு வீடு தாண்டி வந்து, டி.வி.க்கு ஸ்டாண்டு ஆகி, நாள் தவறாமல் மனைவி துடைத்துத் துணி மாற்றி வைத்திருப்பது. பெட்டிக்கு எங்கே போவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவருக்கு அது நினைவுக்கே வரவில்லை. வராது. அவர் வாயில் அது டிரங்கு. பெட்டியில்லை.

"உனக்கு அது ரொம்பப் பிடிக்குமே" என்றார்.

"எனக்கா?" அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "வயித்துல பிள்ளையோட அந்த நாத்தத்துல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எப்பப் பாரு தலைவலி, எப்பப் பாரு வாந்தி. ஆஸ்பத்திரியில இருந்து போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, பெட்டியை உள்ள கொண்டு வராதீங்க, அது வந்தா நான் வரமாட்டேன்னு. காதுலயே போட்டுக்கல நீங்க. வந்து பார்த்தா நடு ஹால்ல குந்தியிருக்கு. கேட்டிருப்பேன். ஆனா நீங்க வாத்தியத்தையே கொடுத்துட்டு வந்து நிக்கிறீங்க. அந்த மனுஷன்கிட்ட உங்க அம்மா பெட்டியையும் தூக்குன்னு எந்த வாயால சொல்றது? சகிச்சுக்கிட்டேன்."

லிப்ட்காரர் டிரங்கைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி டிரங்கைப் பார்த்தார்.

"இதையா சொன்னே?"

"வேற எதைச் சொல்வேன்? வீட்டுல வேற என்ன பெட்டி..."

பாதியில் நிறுத்திவிட்டாள். எழுத்து தெரிகிறதா என்று நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்கிறவள், இப்போது அவர் முகத்தையே எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் கடைக் கூட்டம் அவரை என்ன பேர் சொல்லிக் கூப்பிடும் என்று அவளுக்கும் தெரியும்.

"அப்போ கட்டிலுக்காக இல்லையா?"

ஒரு பொய் தயாராக இருந்தது. அவர் கஷ்டப்பட்டுச் சோடிக்கவே வேண்டாம், அவளே இருபது வருஷமாகச் சோடித்து, துடைத்து, மெருகேற்றி வைத்திருந்தாள். இரண்டுக்காகவும்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. லிப்ட்காரர் வாயைத் திறந்தார். அவள் அழுத அன்று முதலைக் கண்ணீர் என்று நினைத்தது ஞாபகம் வந்து, நாக்கு அந்தப் பொய்யின் பக்கம் திரும்பவில்லை.

"இல்ல" என்றார். "நீ வேண்டாம்னு சொன்னதா நெனச்சேன். கோவத்துல கொடுத்தேன். கட்டில், அவன் கடையில முன்னால கெடந்தது."

"என் மேல கோவம்."

"ம்."

"இத்தனை வருஷமுமா?"

அவர் குனிந்து டி.வி. ஒயரைச் சுருட்டினார். அவள் விடவில்லை.

"சொல்லுங்க. நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் உங்களைப் பத்திப் பெருமையாச் சொல்றப்பல்லாம், கோவத்தோடதான் கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமா" என்றார்.

பூப்போட்ட துணியை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். அதற்கு மேல் மடிக்க முடியாமல், அதைக் கையில் வைத்துக்கொண்டே படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லிப்ட்காரர் தரையில் கிடந்த டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை காலமும் தான்தான் இழந்தவன் என்று நினைத்திருந்தார். இப்போது யோசித்துப் பார்த்தால், தனக்குப் போனது ஒரு வாத்தியம், அது இதோ கிடைத்துவிட்டது. அவளுக்குப் போனது கிடைக்கிற சாமான் இல்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு. வாய்விட்டு அழக்கூடத் தகுதியில்லை என்று தோன்றியது.

மறுநாள் மச்சான் வேனோடு வந்துவிட்டார். வீட்டில் நடந்தது எதுவும் தெரியாது அவருக்கு. டிரங்கின் ஒரு பக்கக் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே உங்க அம்மாவும் இருக்காங்களா மாப்ளே என்று கேட்டார். வழக்கமாக இதற்குத் தங்கச்சி சிரிப்பாள். இன்று உள்ளேயிருந்து சத்தமே இல்லை. மச்சான் புருவத்தை உயர்த்தினார். லிப்ட்காரர் தூக்குங்க என்றார்.

வேஷக்காரம்மா டிரங்கைத் தட்டிப் பார்த்தாள், மூடியைத் தூக்கிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்து, அடேயப்பா, இந்த நெடிக்கு எலி இல்லை, எலியோட வம்சமே இந்தப் பக்கம் வராது என்றாள். மூடி கனத்த கனத்துக்குத் தோள்பட்டைப் பயிற்சியும் ஆயிற்று என்று சந்தோஷப்பட்டாள். ஒட்டுத் தாடிகளை எடுத்துக்கொண்டு ஆர்மோனியத்தைத் தள்ளிவிட்டாள். வேலை அவ்வளவு சுலபமாக முடிந்தது.

ஹாலில் டிரங்கு இருந்த இடத்தில் தரை மட்டும் வெளிறி, சதுரமாக ஒரு தடம் இருந்தது. ஆர்மோனியத்தை அங்கேயே வைத்தார். வைத்தாரே ஒழிய வாசிக்கவில்லை. வாசிக்க என்ன முகம் இருக்கிறது? மனைவி சாப்பாடு வைத்தாள், துணி மடித்தாள், கேட்டதற்கு ஆமா இல்லை என்றாள். ஆர்மோனியத்தையும் தினமும் துடைத்தாள். டிரங்கைத் துடைத்த அதே மாதிரி துடைத்ததுதான் அவரை அறுத்தது. கண்ணாடிக் கடையில் அந்தக் கதையைச் சொல்வதை அவள் நிறுத்திவிட்டாள் என்று மச்சான் மூலம் தெரிந்தது. ஏன் என்று கேட்டால், அலுத்துப்போச்சு என்றாளாம்.

விடுமுறை நாளில் மகள் போன் பண்ணினாள். மாமா விஷயத்தை அவளுக்கும் கொட்டியிருப்பார் போலிருக்கிறது. போன் ஸ்பீக்கரில் இருந்ததால் ஹால் முழுக்கக் கேட்டது. அப்பாவோட ஆர்மோனியம் திரும்ப வந்துடுச்சாமே, என் கட்டிலுக்காகக் கொடுத்தாரே அதேதானா என்று கேட்டாள்.

லிப்ட்காரர் எழுந்து போய்க் கை கழுவவில்லை. அன்று உட்கார்ந்தே இருந்தார்.

"ஆமாடி" என்றாள் மனைவி. "உன் கட்டிலுக்காகக் கொடுத்ததேதான்."

மகள் அப்பாவுக்கு முத்தம் என்று சொல்லிவிட்டு வைத்தாள். மனைவி போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவரை நேராகப் பார்த்தாள்.

"அவளுக்கு அது அப்படியே இருக்கட்டும். எனக்குத்தான் போச்சு."

அவர் மன்னிப்பு கேட்டார். அது கேட்க வேண்டியது, கேட்டார். அவள் மோடாவை இழுத்துப் போட்டு ஆர்மோனியத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கொடுத்து வாங்கியாச்சு. சும்மா கெடந்து எதுக்கு? வாசிங்க."

அவர் தரையில் உட்கார்ந்து துருத்தியைத் திறந்தார். கீச், டொக். மாடி ஏறுகிறது என்று அவளே முன்பெல்லாம் கேலி பண்ணுவாள். இன்று பண்ணவில்லை. விரல்கள் கிரீஸ் பிடித்த விரல்கள், முட்டிகள் வீங்கியவை. கட்டை விட்டுக் கட்டை தாவும்போது தடுக்கின. புதுசாகக் கல்யாணமானபோது அவள் இன்னொருதரம், இன்னொருதரம் என்று கேட்ட மெட்டு ஒன்று இருந்தது. அதைப் பிடித்தார். இரண்டு வரி தப்புத் தப்பாக வந்தது, மூன்றாவது வரி பரவாயில்லாமல் வந்தது. நாலாவது வரியில் நிமிர்ந்து பார்த்தால், அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தலை வலிக்குது" என்றாள்.

கை தானாகவே கட்டையிலிருந்து எழுந்துவிட்டது. துருத்தியை மூடி, கொக்கியை மாட்டப் போனார். மாட்டவில்லை.

"எதனால?" என்று கேட்டார். "பெட்டியாலயா?"

"எந்தப் பெட்டி?" என்றாள் அவள். பிறகு, சிரிப்பு என்று சொல்ல முடியாது, உதட்டோரம் லேசாக ஒன்று வந்து போனது. "தூக்கிக் கொடுத்தும் அந்த அந்துருண்டை நெடி இன்னும் போகல. தரையிலயே ஊறிப்போச்சு. ஜன்னலைத் திறந்து விட்டுட்டு வாசிங்க."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.